டோனி விருதுக் கணிப்பு: நாமினேஷனுக்கு ஒரு ஷீட், வெற்றிக்கு இன்னொன்று

கோவை, திருப்பூர், ஈரோடு என்று சிதறிக் கிடக்கும் ஒரு நாடக வாசிப்புக் குழு, நியூயார்க் பிராட்வே நாடகங்களுக்குத் தரும் டோனி விருது யாருக்குப் போகும் என்று ஆண்டுதோறும் ஓட்டுகிற கணிப்பு ஷீட்டின் செய்முறை இது. நியூயார்க் போய் நாடகம் பார்க்க வழியில்லாதவர்களை மனதில் வைத்தே அமைத்தது. வழியில்லாதது பெரிய குறையும் கிடையாது. நேரில் பார்த்தவர் தனக்குப் பிடித்ததைத் தூக்கி மேலே வைப்பார். பார்க்காதவருக்கு அந்தச் சபலம் இல்லை. கணிக்க வேண்டியது ஓட்டுப் போடுகிறவர்களின் மனசை. அதற்கு வேண்டிய தகவல் பீளமேட்டில் உட்கார்ந்தபடியே கிடைக்கும்.

புதிதாக இறங்குகிறவர்கள் ஒரே ஷீட்டில் நாமினேஷன், வெற்றி இரண்டையும் போட்டுவிடுவார்கள். மே மாதம் நன்றாக ஓடிய கணக்கு ஜூனில் உதைக்கும். காரணம், முதல் கட்டத்தில் முடிவு செய்பவர்கள் வேறு, இரண்டாம் கட்டத்தில் முடிவு செய்பவர்கள் வேறு.

யார் ஓட்டு, எத்தனை ஓட்டு

டோனி விருது 1947-ல் அமெரிக்கன் தியேட்டர் விங் தொடங்கியது. இப்போது அந்த அமைப்பும் பிராட்வே லீக்கும் சேர்ந்து நடத்துகின்றன. போட்டிக்கு வருபவை மன்ஹாட்டனில் உள்ள 41 பிராட்வே அரங்குகளில் ஏறியவை மட்டும். 500 இருக்கைக்குக் குறைந்த அரங்கு கணக்கில் சேராது. போட்டிப் பிரிவுகள் 26.

நாமினேஷனை முடிவு செய்வது ஒரு சிறு குழு. எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு மாறும். அண்மையில் 60-ஐ ஒட்டி இருந்தது. நடிகர், இயக்குநர், வடிவமைப்பாளர், பேராசிரியர் எனத் தொழில் தெரிந்தவர்கள். தகுதி பெற்ற எல்லாவற்றையும் அவர்கள் பார்த்தாக வேண்டும். வெற்றியாளரைத் தேர்ந்தெடுப்பவர்களோ 800-க்கு மேல். அதில் நடிகர் சங்கம், எழுத்தாளர் சங்கம், இயக்குநர்-நடன அமைப்பாளர் சங்கம், வடிவமைப்பாளர் சங்கம் ஆகியவற்றின் பிரதிநிதிகள் உண்டு, விமர்சகர்கள் உண்டு, தயாரிப்பாளர்களும், நாடகத்தை வெளியூர்களுக்கு வரவழைக்கும் அரங்க உரிமையாளர்களும் கணிசமாக உண்டு.

ஈரோட்டு மஞ்சள் மண்டியைத் தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். விரலியை ஒடித்து உள்நிறம் பார்த்துத் தரம் சொல்பவர் ஒருவர். வெளி மாநிலத்தில் என்ன விலைக்குப் போகும் என்று யோசித்து மூட்டையை எடுப்பவர் இன்னொருவர். நாமினேஷன் குழு முதலாமவர். வாக்காளர் தொகுதியில் இரண்டாமவரும் நிறையப் பேர் கலந்திருக்கிறார்கள். டூர் போனால் தன் ஊர் அரங்கம் நிரம்புமா என்பது அவர் கவலை.

அந்தக் கவலையை மட்டும் நம்பினாலும் ஏமாற்றம்தான். 2004-ல் 10 நாமினேஷனோடு வந்த 'விக்கெட்' மூன்று விருதோடு நிற்க, பொம்மைகளை வைத்து ஆடிய சின்னத் தயாரிப்பான 'அவென்யூ கியூ' சிறந்த மியூசிக்கல் (பாட்டோடு நடக்கும் நாடகம்), கதை-வசனம், பாடல்-இசை மூன்றையும் எடுத்துக்கொண்டது. வெளியூர்க்காரர்கள் டூரை எதிர்பார்த்திருக்க, அது லாஸ் வேகஸுக்குப் போய்ச் சேர்ந்தது தனிக் கதை.

ஷீட் போடும் வரிசை

முதல் தாளில் சீசனில் திறந்த எல்லா நாடகமும். கட்டங்கள்: பெயர், வகை (புது நாடகம், புது மியூசிக்கல், இரண்டிலும் மறுமேடையேற்றம்), திறந்த தேதி, முடிந்த தேதி, முன்பு எங்கே ஏறியது (லண்டன், ஆஃப்-பிராட்வே எனப்படும் நியூயார்க்கின் சிறிய அரங்குகள், வெளி மாநில அரங்கம், எங்கும் இல்லை). பிராட்வே லீக் நடத்தும் ஐ.பி.டி.பி. தரவுத்தளத்தில் தேதிகளும் குழுவினர் பெயர்களும் பிசகில்லாமல் கிடைக்கும். வாராந்திர வசூலும் இருக்கை நிரம்பிய சதவீதமும் லீக்கே வெளியிடுகிறது. அதில் வசூல் தொகையை விட்டுவிட்டு, நிரம்பிய சதவீதத்தின் எட்டு வாரப் போக்கை மட்டும் எடுங்கள். பெரிய அரங்கமும் நட்சத்திர நடிகரும் தொகையை ஊதிக் காட்டும்.

இரண்டாம் தாளில் ஆட்கள். இங்கேதான் பொறுமை வேண்டும். போஸ்டரில் நாடகத்தின் பெயருக்கு மேலே அச்சான நடிகர் முதன்மைப் பிரிவு, கீழே அச்சானவர் துணைப் பிரிவு என்பது இயல்பான விதி. டோனியின் நிர்வாகக் குழு சீசனுக்குள் சில முறை கூடி இதை மாற்றித் தீர்ப்புச் சொல்லும். தீர்ப்பு வருமுன் நிரப்பிய ஷீட்டில் பாதி ஆட்கள் தப்பான பிரிவில் உட்கார்ந்திருப்பார்கள். 2009-ல் 'பில்லி எலியட்'டில் ஒரே பாத்திரத்தை மாற்றி மாற்றி ஆடிய மூன்று சிறுவர்களையும் ஒரே வேட்பாளராக ஏற்றார்கள். மூவரும் சேர்ந்தே ஜெயித்தார்கள். மூன்று வரி போட்டு வைத்த ஷீட்டில் இந்த மாதிரித் தீர்ப்பு கூட்டுத்தொகையையே கெடுக்கும். ஆகவே ஆளின் பெயருக்குப் பக்கத்தில் 'தீர்ப்பு வந்ததா' என்று ஒரு கட்டம். அது காலியாக இருந்தால் வாய்ப்பு எண்ணைப் பூட்டக் கூடாது.

மூன்றாம் தாள் முன்னோட்ட விருதுகள், அதாவது டோனிக்குத் திசை காட்டும் மற்ற நியூயார்க் நாடக விருதுகள்: டிராமா டெஸ்க், அவுட்டர் கிரிட்டிக்ஸ் சர்க்கிள், டிராமா லீக், நியூயார்க் நாடக விமர்சகர் வட்டம். நான்காவதும் ஐந்தாவதும் கணிப்பு: ஒன்று நாமினேஷனுக்கு, ஒன்று வெற்றிக்கு.

நாமினேஷன் தாள்: கூட்டுத்தொகை 5 வர வேண்டும்

வெற்றியாளர் ஒருவர்தான் என்பதால் அந்தத் தாளில் ஒரு பிரிவின் வாய்ப்புகளைக் கூட்டினால் 1 வரும். நாமினேஷன் தாளில் எத்தனை இடமோ அத்தனை வர வேண்டும். ஐந்து இடம் என்றால் 5. இதைக் கவனிக்காத ஷீட்களில் கூட்டினால் 7, 8 என்று நிற்கும். எல்லோருக்கும் தாராளமாக 80 சதவீதம் கொடுத்திருப்பார்கள்.

எட்டுப் பேர் முட்டி மோதும் ஒரு பிரிவுக்கு எண்கள் இப்படி விழும்: 0.95, 0.90, 0.85, 0.70, 0.60, 0.45, 0.35, 0.20. கூட்டினால் 5. மேலே உள்ள ஐந்தை மட்டும் கூட்டினால் 4. அதாவது ஐந்து பேர் பட்டியல் கொடுத்தால் நான்கு பேர் சரியாக வருவது எதிர்பார்க்கத்தக்கது. ஐந்தும் வந்தால் அதிர்ஷ்டமும் உடன் வந்திருக்கிறது.

கூட்டுத்தொகை கூடிப்போனால் எல்லா எண்ணையும் 5-ஆல் பெருக்கிக் கூட்டுத்தொகையால் வகுத்துவிடலாம். குறைந்து நிற்கும்போது அதே வேலையைச் செய்தால் மேலே இருப்பவர் 1-ஐத் தாண்டிவிடுவார். 0.97-ல் வெட்டி, மிச்சத்தைக் கீழே இருப்பவர்களுக்குப் பிரித்துக் கொடுங்கள். 0.97-க்கு மேல் யாருக்கும் தர வேண்டாம். சிறு குழுவில் எட்டுப் பத்து ஓட்டு இடம் மாறினால் உறுதியான ஆளே விழுந்துவிடுவார்.

தகுதி பெற்றவை குறைவாக இருந்தால் இடங்களும் 4, 3 என்று சுருங்கும். சமநிலை வந்தால் விரியும். 2022-ல் சிறந்த மியூசிக்கலுக்கு ஆறு, நாடக முதன்மை நடிகருக்கு ஏழு பேர். ஆகவே கூட்டுத்தொகையை 5.2 என்று வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம். இன்னொரு கோடியும் உண்டு: தொற்றுக் காலத்தில் முடங்கிய 2019–20 சீசனில் மியூசிக்கல் முதன்மை நடிகர் பிரிவில் ஏரன் ட்வெய்ட் ஒருவரே வேட்பாளர். 60 சதவீத ஆதரவு வேண்டும் என்ற நிபந்தனையோடு ஓட்டுக்கு விட்டார்கள், ஜெயித்தார். அந்த ஆண்டு பாடல்-இசைப் பிரிவில் வந்த ஐந்தும் வசன நாடகங்கள், ஒரு மியூசிக்கல்கூட இல்லை. அந்த சீசனின் தரவுக்குக் கால் பங்கு எடை போதும்.

தொடக்க எண் எங்கிருந்து வரும்? டிராமா டெஸ்க், அவுட்டர் கிரிட்டிக்ஸ், டிராமா லீக் மூன்றின் பட்டியலிலும் இருந்தால் 0.85, இரண்டில் 0.65, ஒன்றில் 0.35, எதிலும் இல்லை என்றால் 0.10. இவை கையால் வைத்த எண்கள். எங்காவது தொடங்க வேண்டுமே என்று வைத்தவை. அதன்மேல் விமர்சன வரவேற்புக்கு 0.15 வரை கூட்டல் கழித்தல். நாடகம் ஏற்கெனவே மூடியிருந்தால் நாமினேஷனுக்குக் கழிக்க வேண்டியதில்லை, ஏனென்றால் குழுவினர் எல்லாவற்றையும் பார்த்தே தீர வேண்டும். இதே விஷயம் வெற்றித் தாளில் எதிர்மாறாக வேலை செய்யும்.

முன்னோட்ட விருதுகளில் வழுக்கும் இடங்கள்

டிராமா டெஸ்க் ஆஃப்-பிராட்வேயையும் பிராட்வேயையும் ஒரே தராசில் வைக்கிறது. ஆஃப்-பிராட்வேயில் ஏறியபோதே கணக்கில் எடுத்த நாடகம் பிராட்வேக்கு வரும்போது மறுபடி போட்டிக்கு வராது. 'ஹாமில்டன்' டிராமா டெஸ்க் வாங்கியது 2015-ல், டோனி வாங்கியது 2016-ல். 2016-ல் டிராமா டெஸ்க் சிறந்த மியூசிக்கல் 'ஷஃபிள் அலாங்'. அது 10 டோனி நாமினேஷனோடு போய் ஒன்றும் இல்லாமல் திரும்பியது. ஆண்டை மட்டும் பார்த்து இரண்டு பட்டியலையும் விலுக்அப் (எக்ஸெல்லில் தேடி எடுத்து இணைக்கும் ஃபார்முலா) போட்டு இணைத்தால் ஷீட் சிரிக்காமல் பொய் சொல்லும். இணைப்புக்கு நாடகத்தின் பெயரை வையுங்கள், ஆண்டை வைக்காதீர்கள். முந்தைய சீசனில் போட்டியிட்டிருந்தால் அந்தக் கட்டத்தில் 'பொருந்தாது' என்று எழுதுங்கள். பூஜ்யம் போடக் கூடாது. பூஜ்யம் என்றால் தோற்றதாக அர்த்தம்.

2023 முதல் டிராமா டெஸ்க், அவுட்டர் கிரிட்டிக்ஸ் இரண்டும் நடிப்புப் பிரிவில் ஆண்-பெண் பிரிவை எடுத்துவிட்டன. டோனியில் பிரிவு அப்படியே இருக்கிறது. ஆகவே பழைய ஆண்டுகளின் பொருத்த விகிதத்தை அப்படியே கொண்டுவர முடியாது. 2023-க்கு முன், பின் என்று இரண்டு விகிதம் வேண்டும். டிராமா லீக்கின் நடிப்பு விருதை ஒருவர் வாழ்நாளில் ஒரு தடவைதான் வாங்கலாம். முன்பே வாங்கிய மூத்த நடிகர் இந்த முறை வாங்கவில்லை என்பதால் எண்ணைக் குறைப்பது வீண்.

லண்டனிலிருந்து வரும் நாடகத்துக்கு, அங்கே தரும் ஒலிவியே விருது ஒரு குறிப்பு. வசன நாடகத்தில் அது நன்றாகவே பேசும்: 'தி கியூரியஸ் இன்சிடென்ட்', 'ஹாரி பாட்டர்', 'தி ஃபெர்ரிமேன்', 'தி இன்ஹெரிட்டன்ஸ்', 'லியோபோல்ட்ஸ்டாட்' ஐந்தும் அங்கே சிறந்த புது நாடகம், இங்கே வந்தும் சிறந்த நாடகம். ஆனால் இந்த ஐந்தை மட்டும் எழுதி வைத்துக்கொண்டால் ஷீட் கெட்டது. 'கிங் சார்ல்ஸ் III', 'ஹேங்மென்' இரண்டும் அங்கே வாங்கியும் இங்கே தோற்றன. 'லைஃப் ஆஃப் பை', 'பிரைமா ஃபேசி' இரண்டும் சிறந்த நாடகப் பட்டியலுக்கே வரவில்லை. வராதவற்றையும் தேடிப் பிடித்து எழுதுவதுதான் இந்த வேலையில் பாதி. மியூசிக்கலில் லண்டன் எடையை இன்னும் குறைக்கலாம். ஏழு ஒலிவியேயோடு வந்த 'மெட்டில்டா' 2013-ல் 'கிங்கி பூட்ஸ்' முன்னால் நின்றுபோனது.

வெற்றித் தாள்: எண்ணிக்கை மயக்கம்

நாமினேஷன் வந்த அன்று சாயங்காலமே குழுவில் ஒரு பேச்சு கிளம்பும்.

"13 வாங்கியிருக்குதுங்க, 80 போட்டுரலாமுங்க."

"ஏனுங்கண்ணா, அந்த 13-ல லைட்டுக்கு எத்தன, துணிமணிக்கு எத்தனன்னு பாத்தீங்களா?"

பார்க்க வேண்டிய இடம் அதேதான். 2013 முதல் 2025 வரை சிறந்த மியூசிக்கல் கணக்கு இது. கடைசிக் கட்டத்தில், இயக்கம், கதை-வசனம், பாடல்-இசை மூன்றில் அந்த நாடகம் எதை வென்றது என்று இருக்கிறது.

| ஆண்டு | வென்றது | அதன் நாமினேஷன் | அந்த ஆண்டின் அதிகபட்சம் | மூன்றில் வென்றவை |
|---|---|---|---|---|
| 2013 | கிங்கி பூட்ஸ் | 13 | இதுவே | இசை |
| 2014 | எ ஜென்டில்மேன்ஸ் கைடு | 10 | இதுவே | இயக்கம், கதை |
| 2015 | ஃபன் ஹோம் | 12 | சமம் (ஆன் அமெரிக்கன் இன் பாரிஸ்) | மூன்றும் |
| 2016 | ஹாமில்டன் | 16 | இதுவே | மூன்றும் |
| 2017 | டியர் எவன் ஹான்சன் | 9 | கிரேட் காமெட், 12 | கதை, இசை |
| 2018 | தி பேண்ட்ஸ் விசிட் | 11 | மீன் கேர்ள்ஸ், ஸ்பாஞ்ச்பாப், 12 | மூன்றும் |
| 2019 | ஹேடிஸ்டவுன் | 14 | இதுவே | இயக்கம், இசை |
| 2021 | மூலான் ரூஜ் | 14 | ஜாகெட் லிட்டில் பில், 15 | இயக்கம் |
| 2022 | எ ஸ்ட்ரேஞ்ச் லூப் | 11 | இதுவே | கதை |
| 2023 | கிம்பர்லி அகிம்போ | 8 | சம் லைக் இட் ஹாட், 13 | கதை, இசை |
| 2024 | தி அவுட்சைடர்ஸ் | 12 | ஹெல்ஸ் கிச்சன், 13 | இயக்கம் |
| 2025 | மேபி ஹேப்பி எண்டிங் | 10 | சமம் | மூன்றும் |

பன்னிரண்டு விழாவில் தனித்து முதலிடத்தில் இருந்தது ஜெயித்தது ஐந்து தடவை. சமமாக நின்று ஜெயித்தது இரண்டு. பின்னால் இருந்து வந்து ஜெயித்தது ஐந்து. மொத்த எண்ணிக்கையை நம்பி 80 சதவீதம் போடுவதற்கு இங்கே ஆதாரம் ஒன்றும் இல்லை. 12 வாங்கி வெறுங்கையோடு போனவை தனி வரிசை: 2011-ல் 'ஸ்காட்ஸ்பரோ பாய்ஸ்', 2018-ல் 'மீன் கேர்ள்ஸ்', வசன நாடகத்தில் 'ஸ்லேவ் ப்ளே'.

அதே பட்டியல் வேறு ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது. வென்ற பன்னிரண்டும் இயக்கம், கதை-வசனம் இரண்டிலும் நாமினேஷன் வாங்கியவை. பாடல்-இசையிலும் பதினொன்று வாங்கியிருந்தன. விதிவிலக்கு 'மூலான் ரூஜ்', ஏற்கெனவே வெளியான பாட்டுகளைக் கோத்தது, அதனால் தகுதியே கிடையாது. ஆக, முதல் வடிகட்டி: இயக்கத்திலோ கதையிலோ விடுபட்டது எதுவும் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

2023-ல் இதைப் போட்டுப் பார்க்கலாம். ஐந்து போட்டியாளர்: 'சம் லைக் இட் ஹாட்' 13, 'அண்ட் ஜூலியட்', 'நியூயார்க், நியூயார்க்', 'ஷக்ட்' மூன்றும் தலா 9, 'கிம்பர்லி அகிம்போ' 8. 'அண்ட் ஜூலியட்'டும் 'நியூயார்க், நியூயார்க்'கும் இயக்கத்தில் இல்லை, கழியுங்கள். மிச்சம் மூன்று. இப்போது அரங்க அமைப்பு, ஆடை, ஒளி, ஒலி, நடனம், இசைக்கோர்வை ஆகியவற்றைக் கழித்து, தலைமைப் பிரிவுகளையும் (சிறந்த மியூசிக்கல், இயக்கம், கதை-வசனம், பாடல்-இசை) நடிப்பையும் மட்டும் எண்ணுங்கள். 13-க்கு 8 என்று நின்ற இடைவெளி 8-க்கு 7 ஆகிவிடுகிறது. கடைசி இடத்தில் கிடந்த நாடகம் சரிக்குச் சரி வந்துவிட்டது. சின்ன நாடகத்துக்குக் காட்ட அரங்கமும் மினுமினுப்புத் துணியும் இல்லாததால்தான் மொத்தம் குறைந்திருந்தது. விழாவில் அது ஐந்து விருது வாங்கியது. 'சம் லைக் இட் ஹாட்' நான்கு. அந்த நான்கில் மூன்று நடனம், ஆடை, இசைக்கோர்வை.

வடிவமைப்புப் பிரிவுகளுக்குத் தனி மனசு உண்டு. கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிற மேடைத் தந்திரத்துக்கு ஓட்டு விழும், நாடகம் தேறியதா என்பது இரண்டாம் பட்சம். 2025-ல் 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' சிறந்த நாடகப் பட்டியலிலேயே இல்லை. ஆனால் வசன நாடகத்தின் அரங்கம், ஒளி, ஒலி மூன்றையும் எடுத்துக்கொண்டது. சிறந்த நாடக வாய்ப்பை இந்தக் கட்டங்களுக்கு இழுத்துக்கொண்டு போகாதீர்கள்.

கழற்றிப் போட வேண்டிய மூன்று நம்பிக்கைகள்

ஏப்ரலில் திறந்தால் ஞாபகம் புதிதாக இருக்கும், அதுவே ஜெயிக்கும் என்பார்கள். மேலே உள்ள பன்னிரண்டில் ஏப்ரலில் திறந்தவை ஐந்து: 'கிங்கி பூட்ஸ்', 'ஃபன் ஹோம்', 'ஹேடிஸ்டவுன்', 'எ ஸ்ட்ரேஞ்ச் லூப்', 'தி அவுட்சைடர்ஸ்'. மிச்ச ஏழும் ஜூலைக்கும் டிசம்பருக்கும் நடுவில் திறந்தவை. போட்டியில் சேர்வதற்கான கடைசித் தேதியை ஒட்டி ஏகப்பட்ட நாடகம் முண்டியடித்துத் திறப்பதை நினைத்தால், ஐந்து என்பது அதிகமே இல்லை. இந்தக் கட்டத்துக்கு எடை பூஜ்யம்.

ஒரே நாடகத்திலிருந்து இரண்டு மூன்று பேர் ஒரே பிரிவில் நின்றால் ஓட்டுப் பிரிந்து எல்லோரும் தோற்பார்கள் என்பது இரண்டாவது. 2016-ல் 'ஹாமில்டன்' மூவரில் டேவீட் டிக்ஸ் வென்றார். 2022-ல் 'லேமன் டிரிலஜி' மூவரில் சைமன் ரஸ்ஸல் பீல். 2024-ல் 'ஸ்டீரியோஃபோனிக்' மூவரில் வில் பிரில். நாடகத்தின் மேல் உள்ள பாசம் மூவரில் முன்னால் நிற்பவருக்கே சேர்ந்துவிடுகிறது. ஆனால் மூவரில் யார் என்பது விமர்சனத்தில் எழுதியிருக்காது. முன்னோட்ட விருதுதான் காட்டும். எங்கள் முறை: நாடகத்துக்கு மொத்தமாக ஒரு எண் கொடுத்து, அதை மூவருக்கும் 60-25-15 என்று பிரிப்பது.

மூன்றாவது, மூடிய நாடகத்துக்கும் ஓடுகிற நாடகத்துக்கும் ஒரே வாய்ப்பு என்ற நினைப்பு. ஒரு பிரிவில் ஓட்டுப் போட அந்தப் பிரிவின் எல்லாப் படைப்பையும் வாக்காளர் பார்த்திருக்க வேண்டும். பிப்ரவரியில் மூடியதைத் தவறவிட்டவர் அந்தப் பிரிவிலிருந்தே வெளியே. மூடிய நாடகத்தின் ஆதரவாளர் குறைகிறார்கள், கூடவே அந்தப் பிரிவின் மொத்த ஓட்டும் சுருங்குகிறது. சிறந்த மியூசிக்கலைப் பொறுத்தவரை மூடிய பிறகு ஜெயித்தது அபூர்வம். 1968-ன் 'ஹலெலூயா, பேபி!' அதற்கு உதாரணம். மூடிய மியூசிக்கலின் எண்ணைப் பாதியாக்குங்கள். வசன நாடகம் குறைந்த வாரங்களுக்கென்றே திறப்பது சகஜம், அங்கே கால்வாசி கழித்தால் போதும்.

தொடர்புள்ள பிரிவுகள்

பட்டியலின் கடைசிக் கட்டத்துக்குத் திரும்புவோம். இயக்கம், கதை, இசை மூன்றிலும் சிறந்த மியூசிக்கலோடு ஒத்துப்போனது பன்னிரண்டில் தலா எட்டு. மூன்றும் ஒன்றாக விழுந்தது நான்கு தடவை. ஒன்றுமே விழாத ஆண்டு கிடையாது. இதை ஷீட்டில் ஏற்ற எளிய வழி: சிறந்த மியூசிக்கலுக்கு முன்னால் நிற்கும் இரண்டு நாடகத்துக்கும் 'இது ஜெயித்தால்' என்று தனித்தனிக் கட்டம் போடுங்கள். அதற்குள் இயக்குநர், கதை, இசை வாய்ப்பை எழுதி, நாடகத்தின் எண்ணால் பெருக்கிக் கூட்டுங்கள். 'அ' ஜெயித்தால் அதன் இயக்குநருக்கு 0.65, ஜெயிக்காவிட்டால் 0.20, 'அ' ஜெயிக்க வாய்ப்பு 0.50 என்றால் இயக்குநரின் எண் 0.325 கூட்டல் 0.10, அதாவது 0.425. தனித்தனியாகப் போட்டவர்கள் வழக்கமாக இங்கே 0.60 எழுதியிருப்பார்கள்.

இதில் ஒரு விளைவு உண்டு. 26 பிரிவிலும் முன்னணியாளரின் எண்களைக் கூட்டினால் எத்தனை சரியாக வரும் என்ற எதிர்பார்ப்பு கிடைக்கும். பிரிவுகள் ஒன்றோடொன்று கோத்திருப்பதால் நிஜம் அதைச் சுற்றி அகலமாகவே ஆடும். 16 எதிர்பார்த்த ஆண்டில் 20-ம் வரும், 11-ம் வரும். 11 வந்ததும் முறையைத் தூக்கிப்போட வேண்டியதில்லை.

மதிப்பெண்

சரி-தப்பு எண்ணிக்கை மட்டும் வைத்தால் தைரியமாக 90 போட்டவரும் தயங்கி 35 போட்டவரும் ஒன்றாகிவிடுவார்கள். பிரையர் மதிப்பெண் வைப்பது நல்லது: ஒவ்வொரு வேட்பாளருக்கும் நாம் கொடுத்த எண்ணுக்கும் நடந்ததற்கும் (வென்றால் 1, இல்லையேல் 0) உள்ள வித்தியாசத்தின் வர்க்கம், எல்லாம் கூட்டியது. எக்ஸெல்லில் சம்எக்ஸ்எம்ஒய்2 என்ற ஒரே ஃபார்முலா போதும். குறைவாக இருந்தால் நல்லது.

0.60, 0.20, 0.10, 0.05, 0.05 என்று போட்டு முதலாமவர் ஜெயித்தால் 0.215. இரண்டாமவர் ஜெயித்தால் 1.015. ஒன்றுமே தெரியாமல் எல்லோருக்கும் 0.20 போட்டிருந்தால் யார் ஜெயித்தாலும் 0.80. இந்த 0.80-ஐ ஷீட்டின் அடியில் ஒரு வரியாக வையுங்கள். அதைவிட மோசமாக வரும் பிரிவுகளில் நம் 'அறிவு' நஷ்டம் செய்திருக்கிறது. நாமினேஷன் தாளுக்குக் கணக்கு தனி, இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுக்கக் கூடாது.

பணம் வைத்து விளையாட வேண்டாம். இணையச் சூதாட்டத்தைத் தடுக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 2022-ல் வந்தது. வாட்ஸ்அப் குழுவில் 'தலைக்கு நூறு' என்று ஆரம்பித்தால் விளையாட்டு வேறு இடத்துக்குப் போய்விடும்.

நேரமும் பூட்டும்

நியூயார்க்கில் கோடைகால நேரம் ஓடும்போது நமக்கும் அவர்களுக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். அங்கே காலை 9 மணிக்கு நாமினேஷன் அறிவித்தால் இங்கே மாலை 6.30. விழா ஜூன் ஞாயிறு இரவு 8 மணி என்றால் இங்கே திங்கள் காலை 5.30. வடிவமைப்பு முதலான சில விருதுகள் முதன்மை ஒளிபரப்புக்கு முன்பே கொடுக்கப்படுவதால், ஷீட்டை 5.30-க்குப் பூட்டுவதாகச் சொன்னால் 4.30-க்கு எழுந்தவர் ஒலி வடிவமைப்பில் நூற்றுக்கு நூறு வாங்குவார். ஞாயிறு இரவு 10 மணிக்குப் பூட்டு. பூட்டிய பிரதியை பி.டி.எஃப். ஆக்கிக் குழுவில் போட்டுவிட்டால் மறுநாள் வழக்கு இல்லை.

இதே ஷீட் உள்நாட்டு விருதுக்கு

டெல்லியில் 2006 முதல் நடக்கும் மஹிந்திரா நாடக விருது, சுருக்கமாக மெட்டா, வேறு மாதிரி இயங்குகிறது. நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களிலிருந்து தேர்வுக் குழு பத்து நாடகத்தை எடுக்கிறது. பத்தும் டெல்லியில் அடுத்தடுத்து மேடையேறுகின்றன. ஒரு சிறு நடுவர் குழு நேரில் பார்த்து முடிவு சொல்கிறது. முன்னோட்ட விருது கிடையாது, வசூல் கிடையாது, டூர் கவலை கிடையாது. எல்லா மொழியிலிருந்தும் வருவதால் நடுவர் மொழி தெரியாமல் பார்க்கும் நாடகங்களும் இருக்கும். அங்கே உடல்மொழி, அரங்க அமைப்பு, ஒளி ஆகியவற்றில் வலுவானவற்றுக்குக் கொஞ்சம் கூட்டலாம்.

ஓட்டு 800-லிருந்து ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும்போது எண்களைத் தட்டையாக்க வேண்டும். டோனியில் 0.60 கொடுக்கும் உறுதிக்கு இங்கே 0.35 போதும். நடுவர்கள் ஒரே அறையில் பேசி முடிவெடுக்கும் விருதுகளில் பரிசைப் பகிர்ந்து கொடுக்கும் மனசும் சேர்ந்துகொள்ளும்: சிறந்த நாடகம் ஒன்றுக்குப் போனால், இயக்கம் இன்னொன்றுக்குப் போகலாம். ஆகவே டோனிக்குப் போட்ட 'இது ஜெயித்தால்' கட்டத்தை இங்கே அப்படியே கொண்டுவராதீர்கள். 0.65 என்று இருந்ததை 0.35-க்கு இறக்கி ஆரம்பியுங்கள். கல்லூரி நாடகப் போட்டிக்கும் இதே எண்கள் பொருந்தும். அங்கே கூடுதலாக ஒரு கட்டம் வேண்டும்: எத்தனையாவதாக மேடையேறியது. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கடைசியாக ஏறிய நாடகத்துக்கும், சாப்பாடு முடிந்து முதலில் ஏறியதற்கும் 0.05 கழிக்கலாம்.